கிண்டியில் இடம் கிடைக்குமா? பிளஸ் டூ முடிவு வந்ததும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தேர்வு முடிவு வந்துவிட்டால் அம்மாப்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் ஆள் ஓய்வதில்லை. தறி ஓட்டுபவர் வருவார். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் வருவார். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தந்தையும் மகளும் வருவார்கள். மதிப்பெண் பட்டியலை மடியிலிருந்து எடுத்து நீட்டிவிட்டு, பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நேரில் வர முடியாதவர்களுக்காக அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

சார், என் கட் ஆஃப் 190.5. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எவராலும் பதில் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். உங்கள் தரவரிசை எண் என்ன, உங்கள் சமூகப் பிரிவில் எத்தனையாவது இடம், எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேச்சே தொடங்கும்.

கட் ஆஃப் கணக்கு எளிது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கணிதத்தில் 97, இயற்பியலில் 92, வேதியியலில் 95 என்றால் 97, 46, 47.5 ஆகியவற்றைக் கூட்டி 190.5. நம் மாநிலத்தில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்டது. அன்று முதல் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அளவுகோல்.

ஆனால் இந்த அளவுகோல் எத்தனை சிறியது என்று பாருங்கள். கட் ஆஃப் அரை அரை மதிப்பெண்ணாகத்தான் ஏறும். 200-லிருந்து 150 வரை இறங்கினால் மொத்தம் 101 படிகள். தரவரிசைப் பட்டியலில் இருப்பவர்களோ இரண்டு லட்சத்தை ஒட்டி, சில ஆண்டுகளில் அதற்கு மேலும். ஒவ்வொரு படியிலும் பெருங்கூட்டம் நிற்கிறது. அரை மதிப்பெண் குறைந்தால் பல நூறு பேர், நடுப்பகுதியில் ஆயிரத்துக்கு மேலும், உங்களுக்கு முன்னால் போய்விடுவார்கள். அதனால்தான் மதிப்பெண்ணை மறந்துவிட்டு வரிசை எண்ணைப் பிடியுங்கள் என்கிறேன்.

போன வருடம் என் அக்கா இதே கட் ஆஃபில் நல்ல கல்லூரிக்குப் போனாள். எனக்கும் கிடைக்க வேண்டும்தானே?

கட்டாயமில்லை. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோரும் சேர்ந்தே மேலே ஏறிவிடுகிறார்கள். 2023-இல் 200-க்கு 200 கட் ஆஃப் பெற்றவர்கள் 102 பேர். 2024-இல் அது 65 ஆகக் குறைந்தது. 2025-இல் 144 ஆக உயர்ந்தது. 199.5 எடுத்த மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 2024-இல் அவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வரிசை எண் 66. மறு ஆண்டு அதே 199.5-க்கு மிக நல்ல எண்ணே 145. அவர் படிப்பில் எந்தக் குறையும் இல்லை. முன்னால் நிற்கும் கூட்டம்தான் பெருத்துவிட்டது. உச்சியிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால் 185, 180 என்று இறங்கும்போது எவ்வளவு இருக்கும்!

இடங்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்று இருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. தனியார் கல்லூரிகள் பல கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்களைக் கூட்டின. அப்படிக் கூடும்போது கடைசியாகச் சேர்பவரின் வரிசை எண்ணும் பின்னுக்கு நகரும். அக்காவின் மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டாம். அக்கா எந்த வரிசை எண்ணில் போனார் என்று கேளுங்கள், அது உதவும்.

எனக்கும் என் தோழிக்கும் ஒரே கட் ஆஃப். ஆனால் வரிசையில் அவள் எனக்கு முன்னால் இருக்கிறாள். தவறு நடந்திருக்குமா?

இல்லை அம்மா. கட் ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்க்கிறார்கள். அவையும் சமமானால் பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், அடுத்துப் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாமே ஒன்றானால், கணினி குலுக்கல்போல ஒவ்வொருவருக்கும் தரும் சமவாய்ப்பு எண். விண்ணப்பம் முடிந்ததும் அந்தப் பத்து இலக்க எண்ணைப் பார்த்து, பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்வதும் சிறிதாக இருக்கிறதே என்று அழுவதும் வீண். மிகச் சிலருக்குத்தான் அந்த எண் வரை வேலை வருகிறது.

வரிசை எண் இரண்டு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டையும். ஒன்று பொதுத் தரவரிசை, மற்றது உங்கள் சமூகப் பிரிவுக்குள் உங்கள் இடம். மொத்த இடங்களில் 31 சதவீதம் பொதுப் போட்டி. அது எல்லாச் சமூகத்தினருக்கும் உரியது. மீதி 69 சதவீதத்தில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1.

பொதுப் போட்டி என்பது முற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கியது என்று நம் ஊரில் இன்னமும் பலர் நினைக்கிறார்கள். படித்த பெற்றோர்கூட. உங்கள் பொது வரிசை எண்ணுக்கே இடம் இருந்தால் அந்த இடம் உங்களுக்கு வரும். அப்போது உங்கள் பிரிவின் இடம் உங்களுக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு பிள்ளைக்குப் போகும். ஆகவே வாய்ப்பைக் கணிக்கும்போது முந்தைய ஆண்டுப் பட்டியலில் பொதுப் பிரிவின் கடைசி எண், உங்கள் பிரிவின் கடைசி எண் ஆகிய இரண்டு கட்டங்களையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு எப்போதும் இரண்டு கதவுகள்.

சரி, வாய்ப்பை எப்படித்தான் கணிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒரு வரி. அதில் கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் சமூகப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் வரிசை எண்ணை எழுதுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு இணையதளத்தில் பழைய ஆண்டு விவரங்கள் கிடைக்கும். மதிப்பெண் பட்டியலையும் வரிசை எண் பட்டியலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது மூன்று எண்களோடும் உங்கள் எண்ணை ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டுகளிலுமே நீங்கள் உள்ளே வந்திருப்பீர்கள் என்றால் நம்பிக்கையாக இருக்கலாம். ஓர் ஆண்டில் உள்ளே, மற்றொன்றில் வெளியே என்றால் அது உண்மையான போட்டி, இரண்டும் நடக்கலாம். மூன்றிலும் வெளியே என்றால் கடினம். நான் நோட்டில் பச்சை, நீலம், சிவப்பு மையால் குறிக்கச் சொல்வேன். 78 சதவீத வாய்ப்பு, 43 சதவீத வாய்ப்பு என்று யாராவது சொன்னால் அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். மூன்று ஆண்டுத் தரவை வைத்து அவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடியாது. கணித ஆசிரியனாகவே சொல்கிறேன்.

கிண்டியில் கணினி அறிவியல் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பொதுப் பிரிவில் அண்மை ஆண்டுகளில் அது 199-க்கு மேலேயே முடிந்துவிடுகிறது. 190.5 எடுத்த பொதுப் பிரிவு மாணவருக்கு அந்த ஒரு வரி சிவப்புதான். இதை மறைத்துப் பேசுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆனால் சிவப்பு என்பதற்காக அதைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்ல மாட்டேன். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்கக்கூடியதும் போய்விடும் என்கிறார்களே?

இதைப் போலப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த தவறான நம்பிக்கை வேறொன்றில்லை. எத்தனை முறை சொன்னாலும் மறு ஆண்டு புதிதாக முளைத்துவிடுகிறது.

ஜூன் மாதத்தில் மாம்பழக் கடைக்குப் போகிறீர்கள். மல்கோவா இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் இமாம்பசந்த், அதுவும் இல்லையென்றால் பெங்களூரா என்று சொல்கிறீர்கள். மல்கோவா தீர்ந்துவிட்டது. கடைக்காரர் அடுத்ததைத் தேடுவாரா, மல்கோவா கேட்டதற்காக உங்களுக்குப் பெங்களூராகூடக் கிடையாது என்று அனுப்பிவிடுவாரா? கலந்தாய்வுக் கணினியும் அந்தக் கடைக்காரரைப் போலத்தான். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் இரண்டாவதற்குப் போகும். இருபது வரி இறங்கினாலும் உங்கள் முறை உங்கள் கையில்தான். உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அந்த இருபத்தோராவது கல்லூரியை முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும் உங்களைத் தாண்டி அதை எடுக்க முடியாது.

ஆகவே எழுத வேண்டிய வரிசை ஒன்றே ஒன்று. எது உங்களுக்கு அதிகம் பிடிக்கிறதோ அது மேலே. மேலே ஆசையை எழுதுங்கள், கீழே பச்சை மைக் கல்லூரிகளைத் தாராளமாக எழுதுங்கள். எத்தனை விருப்பம் எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை.

2017 வரை குடும்பத்தோடு சென்னைக்குப் போய், திரையில் காலி இடங்களைப் பார்த்து நேரில் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018-இல் இணையவழி வந்தது. மறு ஆண்டு நடந்தது இன்னமும் என் மனத்தை அறுக்கிறது. எங்கள் தெருவில் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள். என்னிடம் படித்தவள். விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய ஓர் இணைய மையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்தவர் அவள் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, இதெல்லாம் உனக்குக் கிடைக்காது, இடத்தை வீணாக்காதே என்று மேலிருந்த ஐந்தாறு வரிகளை அடித்துவிட்டார். ஒன்பது கல்லூரிகள் மட்டும் பதிவாயின. அவற்றில் ஒன்று கிடைத்தது, சேர்ந்தாள். சில வாரம் கழித்துக் கடைசி எண்களைப் பார்த்தோம். அடித்த வரிகளில் இரண்டில் அவளைவிடப் பின்னால் இருந்தவர்கள் இடம் பெற்றிருந்தார்கள். அவள் அழவில்லை. நான்தான் அன்றிரவு தூங்கவில்லை. அந்தத் தாளை என்னிடம் காட்டியிருந்தால் போதுமே. இந்தத் திண்ணை வேலையை நான் ஒழுங்காகச் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரியில் கிடைத்துவிட்டது என்கிறார்கள். எல்லாமே அண்ணா பல்கலைக்கழகம்தானா?

சேரும் முன் இதைக் கட்டாயம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாநிலத்தின் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகக் கல்லூரிகள் சென்னையில் நான்கு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1944-இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., கட்டடக்கலைக்கான கல்லூரி. கட்டடக்கலைப் படிப்புக்குச் சேர்க்கை முறை வேறு. எனவே பொறியியல் மாணவர் பார்க்க வேண்டியவை முதல் மூன்று. இவை தவிர வேறு ஊர்களில் பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளும் உண்டு.

வளாகக் கல்லூரிகளில் சில பாடப்பிரிவுகள் சுயநிதிப் பிரிவாகத் தனி வரியில் இருக்கும். கட்டணம் கூடுதல், ஆசிரியர்களும் வளாகமும் அதே. பட்டியல் எழுதும்போது இந்த வரியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கணினிப் பிரிவு கிடைக்காது என்றால் கிண்டிக்குப் போய் என்ன பயன்?

இந்தக் கேள்வி வரும்போது கொஞ்சம் உட்காரச் சொல்வேன். ஒரே வளாகத்தில் ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் கடைசி வரிசை எண் ஆயிரக்கணக்கில் வேறுபடும். கிண்டியில் சுரங்கப் பொறியியல் இருக்கிறது, அச்சுத் தொழில்நுட்பம் இருக்கிறது, வேளாண்மை மற்றும் பாசனப் பொறியியல் இருக்கிறது. அழகப்பாவில் ஜவுளி, தோல், பீங்கான் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம். கட் ஆஃப் 199 இல்லாத பிள்ளைக்கும் திறக்கக்கூடிய கதவுகள் இவை.

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரடுகளில் கிடைப்பது மேக்னசைட். அதைச் சுட்டுச் செய்யும் செங்கல்தான் எஃகு உலைகளின் உட்சுவரில் வெப்பத்தைத் தாங்குகிறது. பீங்கான் தொழில்நுட்பம் என்றால் டீ குடிக்கும் கோப்பை என்று நினைத்த ஒரு தந்தையிடம் இதைச் சொன்னேன். அவர் அந்தச் சுரங்கத்திலேயே கூலி வேலை பார்த்தவர். மகனைத் திரும்பிப் பார்த்தார், மகன் அதை நான்காவது விருப்பமாக எழுதினான். சேர்வராயன் மலையில் பாக்சைட் உண்டு. இரும்பாலை இருக்கிறது. தெருவுக்குத் தெரு தறி இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. இந்தப் படிப்புகள் நமக்கு அந்நியமானவை அல்ல.

ஆனால் பிடிக்காத பாடத்தைக் கல்லூரியின் பெயருக்காக எடுக்காதீர்கள். நான்கு ஆண்டுகள் என்பது நீண்ட காலம். கணினிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்குக் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியே நல்ல தேர்வாக இருக்கும். 1966-இல் தொடங்கிய கல்லூரி, அரசுக் கட்டணம், வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரலாம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் என்கிறார்கள். அதில் என் இடத்தை எப்படிக் கணிப்பது?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் இந்த ஒதுக்கீடு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் இதில் அடக்கம். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. இது தெரியாமல் ஏமாந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குத் தனித் தரவரிசை உண்டு. அதற்குள்ளும் சமூக ஒதுக்கீடு உண்டு. பொதுப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கும். எனவே நோட்டில் இந்த ஒதுக்கீட்டுக்குத் தனிப் பக்கம் போடுங்கள். பொதுப் பட்டியலில் சிவப்பு மையில் இருந்த கிண்டி, இந்தப் பக்கத்தில் நீலமாக மாறுவதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். இப்படிச் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. காசில்லை என்று கிண்டியை எழுதாமல் விடும் அரசுப் பள்ளிப் பிள்ளையைக் கண்டால் எனக்குக் கோபமே வரும், பிள்ளை மீதல்ல, அவருக்கு இதைச் சொல்லாமல் விட்ட நம் எல்லோர் மீதும்.

நாங்கள் ஏற்காட்டில் மலையாளி இனம். பழைய பட்டியலில் எங்கள் கட்டம் காலியாக இருக்கிறது. இடமே இல்லையா?

காலிக் கட்டத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பழங்குடியினருக்கு 1 சதவீதம். அறுபது இடங்கள் உள்ள பிரிவில் ஒரு சதவீதம் என்பது முழு இடமாகவே வராது. ஒரு பாடப்பிரிவில் அந்த இடம் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இந்த ஆண்டுக்கான இடப் பட்டியலில் உங்கள் பிரிவுக்கு எந்தெந்தக் கல்லூரியில் எந்தெந்தப் பாடத்தில் இடம் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சரியான வழி. பழைய எண் ஒரே ஒருவரின் எண்ணாக இருக்கும். ஒருவரை வைத்துப் போக்கைக் கணிக்க முடியாது. ஆகவே உங்களுக்கு என் மூன்று மை முறை பொருந்தாது. பிடித்ததை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். நூறு வரி ஆனாலும் எழுதுங்கள்.

சான்றிதழை மட்டும் இன்றே பாருங்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி இனம் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கே உண்டு, சேலம் அவற்றில் ஒன்று. பழங்குடியினர் சான்றிதழைக் கொடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும். பிள்ளை பிளஸ் ஒன் சேரும்போதே கையில் இருக்க வேண்டிய தாள் அது. மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் இல்லாமல் நின்ற ஒரு பையனோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

பணம் கொடுத்தால் கிண்டியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

அந்த வளாகங்களில் மேனேஜ்மென்ட் கோட்டா என்பதே கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியரின் பிள்ளைகள் போன்றோருக்குச் சில தனி வழிகள் உண்டு. அவற்றுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாக விண்ணப்பம் வாங்குகிறது. இடையில் ஆள் தேவையில்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இயற்பியலில் எதிர்பார்த்ததைவிட எட்டு மதிப்பெண் குறைவு. மறுகூட்டல் பயன் தருமா?

எட்டு மதிப்பெண் என்றால் கட் ஆஃபில் நான்கு. வரிசையில் ஆயிரங்கள். விடைத்தாள் நகலை வாங்கிப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் மறுமதிப்பீடு. கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.

இப்போதுதான் பிளஸ் ஒன். இப்போதே கணிக்கலாமா?

கணிப்பதைவிட ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கட் ஆஃபில் முழுதாக வரும். இயற்பியல், வேதியியலில் பாதியாகும். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பெரும்பாலோர் ஏறக்குறைய முழுமையாகப் பெறுகிறார்கள், எனவே உண்மைப் போட்டி 70-க்குள். கணிதத்தில் அது 90-க்குள். கணிதத்தில் கவனப் பிழையால் போகும் மூன்று மதிப்பெண்ணை ஈடுகட்ட மற்றப் பாடங்களில் ஆறு வேண்டும்.

இதே முறை ஐ.ஐ.டி.க்கும் பொருந்துமா?

நோட்டு முறை பொருந்தும். சுற்றுவாரியாகத் தொடக்க, இறுதி வரிசை எண்களைக் கூட்டுக் கலந்தாய்வு இணையதளத்திலேயே வெளியிடுகிறார்கள். ஆனால் ஒரு சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். தகுதி பெற்றுவிட்டான் என்று இனிப்புக் கொடுப்பார்கள். 2024-இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை எழுதியவர் 1,80,200 பேர், தகுதி பெற்றவர் 48,248 பேர், ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740. தகுதி பெற்றவரில் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோருக்குத்தான் இடம். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு.

ஐ.ஐ.டி.யில் மாநில ஒதுக்கீடு கிடையாது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் நம் மாநிலத்தவருக்கு. எனவே திருச்சிக்கு மாநிலக் கட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேறு படிவம், அந்தந்த ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். மாநிலச் சான்றிதழை நீட்டினால் செல்லாது. ஜே.இ.இ. எழுதாதவர்களுக்கும் சென்னை ஐ.ஐ.டி., 2020-இல் அறிமுகப்படுத்திய தரவு அறிவியல் பட்டப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. அதன் தகுதித் தேர்வில் வென்றால் போதும், அங்கே வரிசை எண் போட்டி இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு?

அங்கே தரவரிசைப் பட்டியலே இல்லை. மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செய்த காரியங்கள் எல்லாவற்றையும் ஒருசேரப் படித்து முடிவு செய்கிறார்கள். ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே இடம். அவர்களில் நானும் ஒருவனா என்று எந்த நோட்டிலும் கணிக்க முடியாது. வெளிநாட்டு மாணவரின் குடும்ப வசதியைப் பாராமல் சேர்த்து, தேவையான உதவித் தொகையையும் தரும் இடங்கள் மிகச் சில. ஹார்வர்டு, எம்.ஐ.டி. (குரோம்பேட்டை அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ளது), பிரின்ஸ்டன், யேல் அவற்றில் சில. விருப்பம் இருந்தால் விண்ணப்பியுங்கள். இங்கே கலந்தாய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிடைக்காது என்று தெரிகிறது. என் மகனிடம் எப்படிச் சொல்வது ஐயா?

ஒரு தாய் இதைக் கேட்டபோது என்னால் உடனே பேச முடியவில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். நோட்டைப் பிள்ளை கையிலேயே கொடுத்து எண்களை அவரையே எழுத வைப்பேன். அப்பா சொன்னார், சார் சொன்னார் என்று கேட்டால் அது அவமானமாகப் படுகிறது. தானே எழுதிப் பார்த்தால் அது எண்ணாகத் தெரிகிறது. மூன்று எண்களையும் தன் எண்ணையும் அருகருகே எழுதிய பையன் சற்று நேரம் பேசாமல் இருப்பான். பிறகு பெரும்பாலும் அவனே அடுத்த வரிக்குப் போய்விடுவான். அந்த மௌனத்தில் குறுக்கே பேசாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை அந்த நேரத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு என்ன செய்வது? எங்கள் ஊரில் இணையமும் விட்டுவிட்டு வருகிறதே.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டு, மேலே எழுதிய விருப்பத்தில் இடம் காலியானால் அதற்கு நகர்த்தும்படி கேட்கலாம். கிடைத்தது கையில் இருக்க, மேலே ஒரு வாய்ப்பும் இருப்பதால் பெரும்பாலோருக்கு இரண்டாவதையே சொல்வேன். ஆனால் நகர்ந்துவிட்டால் பழையது திரும்ப வராது. எனவே மேலே எழுதிய ஒவ்வொன்றும் கீழே இருப்பதைவிட உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததாக இருக்க வேண்டும்.

கலந்தாய்வு நடக்கும் நாள்கள் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவோடு மோதுவதுண்டு. கடைகள் பூட்டியிருக்கும், பஸ்ஸில் கூட்டம் தள்ளும். மலையிலிருந்து வருபவர்கள் கடைசி நாள் மாலைவரை காத்திருக்க வேண்டாம். முதல் நாளே கீழே இறங்கிவிடுங்கள். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் உள்ள உதவி மையத்தில் கணினியும் ஆளும் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. கடவுச்சொல்லை எழுதிய தாள், ஒருமுறைக் குறியீடு வரும் செல்போன், அதன் சார்ஜர் மூன்றையும் மறக்காதீர்கள். அந்த எண் அப்பாவுடையது என்றால் அப்பாவும் கூட வர வேண்டும்.